பட்டம் ஒன்று, பணிகள் பல: அண்ணல் அம்பேத்கரின் வாழ்வு

ஆண்டுதோறும் கோடை விடுமுறை முடியும் வேளையில் நம் மக்களுள் பெற்றோர் பலர் ஒரே கவலையோடு நம்மிடம் வருகின்றனர். பிள்ளை மேனிலைத் தேர்வில் வென்றுவிட்டது. கல்லூரியில் எப்பாடத்தில் சேர்ப்பது என்பதே அக்கவலை. அரசியல் அறிவியலில்தான் இடம் கிடைத்தது என்றால் தந்தையின் முகம் வாடிவிடுகின்றது. அப்படிப்பைப் படித்தவனுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று அவர் கேட்கின்றார். நிலமும் கடையும் இல்லாத குடும்பத்தில் ஒரு பிள்ளையை மூன்றாண்டு கல்லூரிக்கு அனுப்புவது எத்துணைப் பெரிய ஈகம் என்பதை அறிந்த நாம் அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது.

நம் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், அக்கேள்விக்கு விடையாக ஒரு வாழ்க்கையைக் கூற விரும்புகின்றோம். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தையும் அரசியலையும் பாடங்களாகக் கொண்டு 1912ஆம் ஆண்டு பி.ஏ. தேறிய ஓர் இளைஞரின் வாழ்க்கை அது. பின்னாளில் நாடே அண்ணல் என்று போற்றிய டாக்டர் பீமராவ் அம்பேத்கரே அவ்விளைஞர். அவருடைய போராட்டங்களை நம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஆனால் அவர் வயிற்றுப்பாட்டிற்கு என்னென்ன வேலை பார்த்தார், அவற்றை எங்ஙனம் பெற்றார், ஏன் விட்டார் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. நம் பட்டதாரிகளுக்கு அதுவே இன்று தேவையான பாடம்.

பட்டம் வந்த வழி

மத்திய இந்தியாவில் மாவ் என்னும் படைவீட்டில் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் அண்ணல் பிறந்தார். தந்தை இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகப் பணியாற்றியவர். சாத்தாராப் பள்ளியில் சிறுவன் பீமன் தன் வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்குத்துண்டின்மேல் தனியே அமர்ந்து படித்தான். தாகம் எடுத்தால் குழாயைத் தானே திறத்தல் கூடாது. பள்ளி ஏவலாள் திறந்துவிட வேண்டும். ஏவலாள் வாராத நாளில் தண்ணீரும் இல்லை.

1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேறிய பின்னாளில் கேலுஸ்கர் என்னும் ஆசிரியப் பெருந்தகை அவரைப் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அறிமுகம் செய்து வைத்தார். திங்கள்தோறும் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அதைக் கொண்டே எல்பின்ஸ்டன் கல்லூரிப் படிப்பு நிறைவேறியது. பட்டம் பெற்றபின் 1913 சனவரியில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சில நாட்களுக்குள் தந்தையின் நோய்ச்செய்தி வந்தது. பிப்ரவரி 2ஆம் நாள் தந்தை மறைந்தார்.

அவ்வாண்டே பரோடா அரசு, அமெரிக்காவில் மூன்றாண்டு மேற்படிப்பிற்கு உதவித்தொகை அளித்தது. படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடாவில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம், அரசியல், வரலாறு, சமூகவியல், மானிடவியல், மெய்யியல் எனப் பல துறைப் பாடங்களை அவர் ஒருங்கே பயின்றார். செலிக்மன், ஜான் டூயி முதலியோர் அவருக்கு ஆசிரியர்கள். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே திங்களில் இந்தியாவின் சாதியமைப்பு தோன்றிய வகை குறித்து ஆய்வுரை படித்தார். தம்மைத் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கிய அமைப்பையே ஆய்வுப்பொருளாக எடுத்து ஆராயும் அறிவை அவருக்குத் தந்தது அக்கல்வி.

அரசுப் பணி

இலண்டனில் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்ட நிறுவனத்திலும் சேர்ந்து பயின்று கொண்டிருக்கையில் உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் தாயகம் திரும்பிய அண்ணல் ஒப்பந்தப்படி பரோடாவிற்குச் சென்றார். மன்னரின் இராணுவச் செயலர் என்னும் பதவி. அக்காலத்தில் அத்துணைக் கல்வி பெற்ற அலுவலர் அந்நகரில் அரியர். ஆயினும் ஏவலாளர் கோப்புகளை அவர் கையில் தராமல் மேசைமேல் எறிந்தனர். அலுவலகத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தங்க வீடு கிடைக்காமல் பார்சியர் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினொன்றாம் நாள் காலை பார்சியர் சிலர் தடிகளோடு வந்து சூழ்ந்து, மாலைக்குள் வெளியேறுமாறு அச்சுறுத்தினர். நண்பர் இருவரிடம் இடம் கேட்டார், இருவரும் தட்டிக்கழித்தனர். நகரப் பூங்காவில் அமர்ந்து கண்ணீர் வடித்துவிட்டு, அன்றிரவு தொடர்வண்டியிலேயே பம்பாய் திரும்பினார்.

அவருக்குப் பட்டம் இருந்தது. பதவி ஆணை இருந்தது. மன்னரின் நல்லெண்ணமும் இருந்தது. பதவியில் அமர்ந்தவரைக் காக்கும் சட்டம் இல்லை. ஒருவருடைய நல்லெண்ணத்தால் கிடைத்த பதவியைப் பலருடைய வெறுப்பு சில நாட்களில் பறித்துவிடும் என்பதை அண்ணல் தம் வாழ்வில் கண்டறிந்தார். 32 ஆண்டுகளுக்குப் பின் அவர் தலைமையில் உருவான அரசியலமைப்பில், அரசுப் பணியில் சமவாய்ப்பு 16ஆம் பிரிவாகவும், தீண்டாமை ஒழிப்பு 17ஆம் பிரிவாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. பரோடா நிகழ்ச்சியை அறிந்தோர்க்கு அவ்விரு பிரிவுகளின் அருமை நன்கு விளங்கும்.

ஆசிரியரும் இதழாளரும்

பம்பாய் திரும்பியவர் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். பங்கு வணிகர்க்கு ஆலோசனை கூறும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசகரின் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் வருகை நின்றது. 1918 நவம்பரில் சிதன்ஹாம் வணிகக் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். அவர் வகுப்பைக் கேட்கப் பிற கல்லூரி மாணவரும் வந்தனர். ஆசிரியர் அறையிலிருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று உடன் பணிபுரிந்த சிலர் தடை கூறியதும் அதே கல்லூரியில்தான்.

அப்பணியில் இருக்கும்போதே 1919 சனவரியில், வாக்குரிமை குறித்து ஆராய வந்த சவுத்பரோ குழுவின்முன் சாட்சியம் அளித்தார். அப்போது அவருக்கு வயது 27. நம் மக்களுக்கு வாக்குரிமையும் சட்டமன்றத்தில் இடங்களும் ஏன் வேண்டும் என்பதைப் புள்ளிவிவரங்களோடு எடுத்துரைத்தார். குழுக்கள்முன் சாட்சியம் அளிப்பது, கோரிக்கை மனு வரைவது, எண்களைக் கொண்டு வாதிடுவது ஆகியவை அரசியல் அறிவியல் பயின்றவனின் கைத்தொழில் எனலாம். தச்சனுக்கு உளி எவ்வாறோ அவ்வாறே இவை.

1920 சனவரி 31ஆம் நாள், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் பொருளுதவியோடு மூக்நாயக் என்னும் மராத்தி இதழ் வெளிவந்தது. ஊமையரின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். பின்னர் 1927இல் பகிஷ்கிருத பாரத், 1930இல் ஜனதா எனப் பல இதழ்கள் அவர் முயற்சியில் தோன்றின. பணம் இன்றி அவை நின்றும் நடந்தும் வந்தன. ஆயினும் எழுதும் பணியை அவர் இறுதிவரை கைவிடவில்லை.

பசியோடு பெற்ற சட்டக் கல்வி

கல்லூரி ஊதியத்தில் மிச்சம் பிடித்த தொகையும், சாகு மகாராசரின் உதவியும், நவல் பதேனா என்னும் பார்சி நண்பர் கடனாகத் தந்த 5,000 ரூபாயும் கைக்கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். அவரை நகரிலிருந்து விரட்டியோரும் பார்சியர்; கடன் கொடுத்துக் கைதூக்கியவரும் பார்சியர். ஒரு சமூகத்தாரை ஒட்டுமொத்தமாக வெறுக்க அண்ணல் கற்றதில்லை.

இலண்டனில் அரைவயிற்று உணவோடு நூலகங்களில் பொழுதெல்லாம் கழித்தார். பம்பாயில் அவர் துணைவியார் இராமாபாய் வறுமையோடு குடும்பத்தைத் தாங்கினார். அவர்களுக்குப் பிறந்த ஐந்து மக்களுள் நால்வர் இளமையிலேயே இறந்தனர். அண்ணலின் பட்டங்களை எண்ணும்போது அவ்வம்மையாரின் கண்ணீரையும் சேர்த்தெண்ணுவதே நன்றி அறிதலாகும். 1921இல் எம்.எஸ்சி., 1922இல் பாரிஸ்டர் தகுதி, 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. எனப் பட்டங்கள் நிறைந்தன. 1927இல் கொலம்பியாவின் முனைவர் பட்டமும் முறைப்படி கிடைத்தது.

1923இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்குரைஞர் தொழிலைத் தொடங்கினார். உயர்நீதிமன்ற வழக்குகளைக் கொண்டுவர வேண்டிய சொலிசிட்டர்கள் அவரை நாடவில்லை. எனவே மாவட்ட நீதிமன்றங்களில் ஏழைகளின் வழக்குகளை ஏற்றார். கணக்கியல் பயிற்சி நிலையம் ஒன்றில் வணிகச் சட்டம் கற்பித்து வருவாயின் குறையை ஈடுசெய்தார். 1926இல் பூனாவில் பார்ப்பனரல்லாத தலைவர்கள்மேல் தொடரப்பட்ட அவதூறு வழக்கில் அவர்களுக்காக வாதாடி வென்றபோது அவர் புகழ் பரவியது. சட்டப் பேராசிரியராக 1928இல் அரசினர் சட்டக் கல்லூரியில் பணியேற்றார். 1935இல் அக்கல்லூரியின் முதல்வராகவே உயர்ந்தார்.

சட்டமன்றமும் சவதார் குளமும்

1927இல் அண்ணல் பம்பாய்ச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினராகப் பதவியேற்றார். அவ்வாண்டு நடந்த மகாத் போராட்டத்தை அரசியல் அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் ஊன்றிக் கற்க வேண்டும். பொதுக் குளங்களையும் கிணறுகளையும் எல்லார்க்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இலேயே போலே என்னும் உறுப்பினர் கொணர்ந்த தீர்மானத்தை ஏற்றிருந்தது. மகாத் நகராட்சியும் 1924இல் தன் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானித்தது. எனினும் ஒருவரும் சென்று நீர் அள்ளத் துணியவில்லை. தீர்மானம் தாளில் உறங்கியது. 1927 மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் முன்செல்ல, ஆயிரக்கணக்கானோர் நடந்து சென்று சவதார் குளத்து நீரைப் பருகினர். அன்றே அவர்கள் தாக்கப்பட்டனர். நகராட்சியும் தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. வழக்கு பத்தாண்டு நடந்தது. 1937இல் உயர்நீதிமன்றம் நம் மக்கள் பக்கமே தீர்ப்பளித்தது.

சட்டமன்றத் தீர்மானம், நகராட்சி ஆணை, மக்கள் இயக்கம், நீதிமன்றத் தீர்ப்பு ஆகிய நான்கும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளன. நான்கின் இயக்கத்தையும் அறிந்த ஒருவர் தலைமை ஏற்றதால்தான் அந்நீர் நமக்குக் கிட்டியது.

சட்டமன்றத்தில் பெண் தொழிலாளர்க்குப் பேறுகால உதவி வேண்டும் என்று வாதிட்டார். 1930 முதல் நடைபெற்ற இலண்டன் வட்டமேசை மாநாட்டில், நம் தமிழகத்துப் பெரியவர் இரட்டைமலை சீனிவாசனாரோடு சேர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்குக் குரல் கொடுத்தார். 1932 செப்டம்பர் 24ஆம் நாள் ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்தால் மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. தனி வாக்காளர் தொகுதியை இழந்த வருத்தம் அவர் உள்ளத்தில் நிலைத்து நின்றது. 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்து, அடுத்த ஆண்டு தேர்தலில் பம்பாய்ச் சட்டமன்றத்திற்குள் தம் தோழர்களோடு நுழைந்தார். கொங்கணத்து உழவரை வருத்திய கோத்தி நில முறையை ஒழிக்க அங்கே மசோதா கொண்டுவந்தார்.

ஆட்சிப் பொறுப்பு

1942 சூலையில் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். பரோடாவில் குடிநீர் மறுக்கப்பட்டவர் புதுதில்லியில் நாடு முழுமைக்குமான ஒரு துறையை நடத்தினார். அவர் பொறுப்பிலிருந்த காலத்தில்தான் 1943இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினர்க்கு நூற்றுக்கு 8⅓ இடம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. 1946இல் அது 12½ ஆக உயர்ந்தது. மெட்ரிகுலேஷனுக்கு மேல் படிக்கும் நம் மாணவர்க்கான உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது. அண்ணல் 1942இலேயே வைசிராய்க்கு விரிவான மனு அளித்து, கல்விக்கும் பணிக்கும் வழி திறக்குமாறு வற்புறுத்தியிருந்தார். தொழிற்சாலை வேலைநேரம் வாரத்திற்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறையச் செய்த திருத்தச் சட்டமும் அவர் முயற்சியால் 1946இல் வந்தது.

நம் பட்டதாரிகள் பலரும் பெயர் பதிந்து காத்திருக்கும் வேலைவாய்ப்பு அலுவலகங்களும் 1945இல் அவர் பொறுப்பிலிருந்த தொழிலாளர் துறையின்கீழ்த் தோன்றியவையே. வேலை தேடி அலைந்த துன்பத்தை அறிந்தவர் ஆட்சியில் அமர்ந்தால் என்ன செய்வார் என்பதற்கு இவை சான்றாகும்.

அரசியலமைப்பும் அதன் பின்னும்

அரசியல் நிர்ணய சபைக்கு 1946இல் வங்காளத்திலிருந்து அண்ணல் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாடு பிரிந்ததால் அவ்விடம் போயிற்று. 1947 சூலையில் பம்பாயிலிருந்து மீண்டும் தேர்வு பெற்றார். விடுதலை பெற்ற நாட்டின் முதல் சட்ட அமைச்சரானார். ஆகஸ்டு 29ஆம் நாள் அமைந்த எழுவர் வரைவுக் குழு அவரைத் தலைவராகப் பெற்றது. எழுவருள் சிலர் விலகியும் மறைந்தும் வெளிநாடு சென்றும் போக, வரைவுப் பணியின் சுமை முழுதும் அண்ணலின் தோளிலேயே விழுந்தது என்பதைச் சென்னையிலிருந்து சென்ற டி.டி. கிருஷ்ணமாச்சாரியார் அச்சபையிலேயே எடுத்துரைத்தார். உறுப்பினர்கள் 7,635 திருத்தங்களுக்கு அறிவிப்பு அளித்தனர். அவற்றுள் 2,473 சபையில் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்டி விடை கூறினார் அண்ணல். 395 பிரிவுகள் கொண்ட அரசியலமைப்பு 1949 நவம்பர் 26ஆம் நாள் ஏற்கப்பட்டது.

பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் தரும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதைக் கண்டு 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1952 பொதுத் தேர்தலிலும் 1954 இடைத்தேர்தலிலும் தோற்றார். அரசியலமைப்பை வரைந்தவரையும் தேர்தல் தோற்கடிக்கும். அத்தோல்வியை ஏற்று, மாநிலங்களவையில் அமர்ந்து தம் பணியைத் தொடர்ந்தார்.

இறுதியாகத் திறந்த பள்ளி

1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவிய அண்ணல் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950இல் அவுரங்காபாத்தில் கல்லூரி ஒன்றையும் தொடங்கினார். நம்முடையதைப் போன்ற சிறு கல்விச் சங்கங்களுக்கெல்லாம் அக்கழகமே முன்னோடி.

அவர் இறுதியாகத் திறந்த ஒரு பள்ளியைப் பற்றி நம்மவருள் அறிந்தோர் சிலரே. 1956 சூலை 1ஆம் நாள் பம்பாயில் அரசியலில் நுழைவோர்க்கான பயிற்சிப் பள்ளி ஒன்றை அவர் நிறுவினார். முதல் அணியில் 15 மாணவர் சேர்ந்தனர். சட்டமன்றம் செல்ல விரும்புவோன் ஆட்சி முறை, சட்டம், பொருளாதாரம், மேடைப் பேச்சு ஆகியவற்றைக் கற்றே செல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவினார். திசம்பர் 6ஆம் நாள் தில்லியில் மறைந்தார். ஆசிரியரை இழந்த அப்பள்ளியும் நெடுநாள் நடைபெறவில்லை.

நம் பிள்ளைகளுக்கு

இப்போது அத்தந்தையின் கேள்விக்கு வருவோம். அரசியல் அறிவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? அண்ணல் நடந்த வழிகளையே ஒவ்வொன்றாகக் காட்டலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் இந்திய ஆட்சியியல் ஒரு பகுதி. குடிமைப் பணித் தேர்வில் அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். பட்டத்திற்குப் பின் மூன்றாண்டு சட்டம் பயின்று வழக்குரைஞராகலாம். முதுகலை முடித்துத் தகுதித் தேர்வில் வென்று கல்லூரி ஆசிரியராகலாம். இதழ்களும் தொலைக்காட்சிகளும் அரசியல் அறிந்து எழுதுவோரைத் தேடுகின்றன. ஆராய்ச்சிக்கும் வெளிநாட்டுப் படிப்பிற்கும் பட்டியல் சாதி மாணவர்க்கென மத்திய அரசின் உதவித்தொகைகள் உள்ளன.

ஊராட்சிகளில் நமக்கென ஒதுக்கிய பதவிகளும் உள்ளன. அப்பதவிகளின் விலையையும் நாம் மறக்கவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு ஐவரும் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். பரோடாவில் அண்ணல் கண்ட உண்மை தமிழகத்திலும் உண்மையாகவே இருந்தது. ஊராட்சிச் சட்டத்தையும், நிதி வரும் வழியையும், முறையிட வேண்டிய இடத்தையும் அறிந்த படித்த பிள்ளை ஒருவர் தலைவர்க்குத் துணை நின்றால் நாற்காலி மட்டும் தந்துவிட்டு அதிகாரத்தை வேறொருவர் வைத்துக்கொள்ளும் சூழ்ச்சி எளிதில் நடவாது.

அண்ணலுக்குப் பட்டம் பெற்றவுடன் நல்ல வேலை கிடைத்துவிடவில்லை. கிடைத்த வேலையும் நிலைக்கவில்லை. தனிப்பாடம், ஆலோசனைத் தொழில், கல்லூரி, இதழ், நீதிமன்றம் என்று மாறி மாறி உழைத்த பின்னரே சட்டம் இயற்றும் மன்றத்தை அடைந்தார். இடையில் பத்தாண்டுகள் கடனும் பசியுமாகக் கழிந்தன. இதை நம் பிள்ளைகளிடம் மறைத்தல் நேர்மையன்று. எனவே அத்தந்தைக்கு நாம் கூறும் விடை இதுவே: ஐயா, பிள்ளையைச் சேருங்கள். முதல் ஆண்டிலிருந்தே தேர்வுகளுக்கும் ஆங்கிலத்திற்கும் பயிற்சி பெறச் செய்யுங்கள். பட்டம் பெற்று ஓரிரு ஆண்டு வேலை கிட்டாவிடினும் பிள்ளையைப் பழிக்காதீர்கள். அக்காலத்தில் துணை நிற்பது உங்கள் கடமையும் நம் சங்கத்தின் கடமையும் ஆகும்.

15 மாணவரோடு பம்பாயில் தொடங்கி நின்றுபோன அப்பள்ளியின் பணி இன்னும் முடியவில்லை. வெள்ளிவிழாவிற்குப் பின்வரும் ஆண்டுகளில் நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் அரசியலமைப்பையும் ஊராட்சிச் சட்டத்தையும் கற்பிக்க நாம் முன்வருவோமாயின், அண்ணலுக்கு நாம் எழுப்பும் நினைவுச்சின்னம் அதுவாகவே அமையும்.